நிகழ்வு ஆய்வு: 1984ல தபால்ல வித்த ஒரு ஸ்பெக்ட்ரம் கேமை கேசட்ல இருந்து மீட்டது

பின்னணி

இது இங்கிலாந்துல நடந்த ஒரு மீட்பு வேலையோட விவரம். குடும்பத்துக்காரங்க பேரு ஊரு எதுவும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால ஆளுங்க பேரும் இல்ல, கேமோட பேரும் இல்ல. மத்தபடி என்ன பாத்தோம், என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம்னு எழுதுறேன், ஏன்னா பழைய கேசட் பெட்டி கையில கிடைச்ச உடனே நாம பண்ற ஒண்ணு ரெண்டு காரியத்துலதான் அதுக்குள்ள இருக்கறது பொழைக்குமா போயிடுமான்னு பெரும்பாலும் முடிவாகிடுது.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரல்ல சின்க்ளேர் கம்பெனி விட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். 16கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48கே உள்ளது 175 பவுண்டு. வீட்டு டிவிதான் திரை, வீட்டு டேப் ரெக்கார்டர்தான் எல்லாத்தையும் சேமிச்சு வைக்கிற இடம். அந்த விலைக்கு வந்ததால பள்ளிக்கூடத்துப் பசங்க கையிலயும் கம்ப்யூட்டர் போய்ச் சேந்துச்சு, அவங்க கேம் விளையாடினதோட நிக்காம எழுதவும் ஆரம்பிச்சாங்க. 1983ல வேல்ஸ்ல இருந்து கில்சாஃப்ட்ங்கற சின்ன கம்பெனி தி குவில்னு ஒரு டூல் விட்டாங்க, புரோகிராமிங் அவ்வளவா தெரியாதவங்க கூட அதை வச்சு டெக்ஸ்ட் அட்வென்ச்சர், அதாவது படம் இல்லாம எழுத்துல கட்டளை குடுத்து விளையாடற கதை கேம், எழுதலாம், அதுக்கப்புறம் இந்த மாதிரி வீட்டுத் தயாரிப்பு கேம் இன்னும் பெருகிடுச்சு. ரெண்டு டேப் ரெக்கார்டரை வயர் போட்டு இணைச்சு காப்பி எடுக்கறது, பத்திரிகையில வரி விளம்பரம் குடுக்கறது, செக் வந்ததும் கேசட்டை உறையில போட்டு அனுப்பறது, அவ்வளவுதான் வியாபாரம்.

காணாம போன கேம்னாலே எல்லாரும் பெரிய பேருகளைத்தான் பேசுவாங்க, லிவர்பூல்ல இருந்த இமேஜின் கம்பெனி 1984ல திவாலானப்போ பாதியில நின்னு போன பாண்டர்ஸ்னாட்ச் மாதிரி. என் மனசுக்கு அதை விட வலிக்கிறது இந்த வரி விளம்பர கேம்ங்கதான். முழுசா எழுதி முடிச்சு, காசு வாங்கி வித்து, யாரோ விளையாடி, அப்புறம் ஒரு காப்பி கூட மிஞ்சாம போனது. ஸ்பெக்ட்ரம் ஆர்வலர்கள் வச்சிருக்கிற காணாம போனவை பட்டியல்ல பழைய விளம்பரத்துல பாத்த பேரு மட்டும் இருக்கும், ஃபைல் இருக்காது.

நம்ம கேமும் அப்படித்தான். ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச ரெண்டு பேரு சேந்து 1984ல எழுதினது, ஒருத்தர் கோடு, அதாவது புரோகிராம், இன்னொருத்தர் கதையும் மேப்பும் புதிரும். ஸ்பெக்ட்ரம்லயே இருக்கிற பேசிக் மொழியில எழுதினது. கோடு எழுதினவரு சில வருஷம் முன்னாடி தவறிட்டாரு. கதை எழுதினவரு பட்டியல்ல தன்னோட கேம் பேரைப் பாத்துட்டு பழைய கேம்களை மீட்கற எங்க குழுவுக்கு எழுதினாரு, என்கிட்ட ஒரு காப்பி கூட இல்ல, ஆனா நண்பரோட மனைவிகிட்ட கேட்டுப் பாக்கறேன்னு. அந்தம்மா பரண்ல தேடி ஒரு ஷூ பெட்டியை எடுத்துட்டாங்க.

கைக்கு வந்தப்போ பாத்தது

முதல்லயே அவங்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தோம்: எதையும் போட்டுப் பாக்காதீங்க, ரீவைண்ட் கூட பண்ணாதீங்க, இருக்கறது இருக்கிற மாதிரியே குடுங்க. அந்தம்மா அப்படியே குடுத்தாங்க, அதுக்காக இன்னைக்கும் அவங்களுக்குக் கடமைப்பட்டிருக்கோம்.

பெட்டியில கொஞ்சம் கேசட் இருந்துச்சு, முக்கியமானது ரெண்டு. ஒண்ணு சி15 (ரெண்டு பக்கமும் சேத்து 15 நிமிஷ கேசட்), ஜெராக்ஸ் எடுத்த அட்டையோட, இதுதான் வித்த வடிவம். இன்னொண்ணு சாதாரண சி90, மேல பேனாவால கிறுக்கினது, இது எழுதும்போது அப்பப்போ சேவ் பண்ண வேலை கேசட்.

சி15 நிலைமை மோசம். கேசட் உள்ள டேப்பை, அதைப் படிக்கிற ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிற சின்ன ஃபெல்ட் துண்டு இருக்குமில்ல, அதை ஒட்டின பசை காஞ்சு துண்டு கழண்டு உள்ளயே கிடந்துச்சு. டேப் ஒரு பக்கச் சக்கரத்துல இருந்து பிச்சுக்கிட்டு வந்திருந்துச்சு. அப்படியே பிளேயர்ல போட்டிருந்தா சத்தம் மங்கலா வந்திருக்கும், இல்லன்னா டேப்பைச் சுருட்டி இழுத்திருக்கும். அட்டைக்குள்ள நாலா மடிச்ச தாள் ஒண்ணு, டைப்ரைட்டர்ல அடிச்சது, புதிர்ல மாட்டிக்கிட்டவங்க சுயவிலாசமிட்ட உறை அனுப்பினா பதிலுக்கு அனுப்பற குறிப்புத் தாள். அப்போ அது பாக்க சாதாரணமா இருந்துச்சு, பின்னாடி அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு.

எடுத்த முடிவுகள், அதுக்கான காரணம்

எல்லாத்தையும் முதல்ல படம் பிடிச்சோம், அட்டை, குறிப்புத் தாள், கேசட் ரெண்டு பக்கமும், பெட்டியில எது எதுக்கு மேல இருந்துச்சுங்கறது கூட. அடுத்து கேசட் பின்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் பல்லை உடைச்சோம். பாட்டு கேசட்ல அந்தப் பல் இருந்தா மேல பதியலாம், இல்லன்னா ரெக்கார்ட் பட்டனே இறங்காது, இது கேசட் காலத்து ஆளுங்களுக்குத் தெரியும். பொருளோட மூல நிலையை மாத்துறோமேன்னு குழுவுல ஒருத்தர் தயங்கினாரு, நியாயமான தயக்கம்தான், ஆனா தவறி ஒரு பட்டன் அழுத்தினா உலகத்துல இருக்கிற ஒரே காப்பி அழிஞ்சிடும், அதுக்கு முன்னாடி பல் பெருசில்லன்னு முடிவு பண்ணோம்.

டேப்பை ஓவன் அடுப்புல வச்சு லேசா சூடு காட்டலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. வேண்டாம்னு சொன்னோம். அந்த வைத்தியம் பெரும்பாலும் ஸ்டுடியோ ரீல் டேப்புக்கு, அதுல பசைப் பூச்சு ஈரம் உறிஞ்சி பிசுபிசுன்னு ஆகிடும். கேசட்ல அது அபூர்வம், இந்த டேப்ல ஒட்டுற தன்மை எதுவும் இல்ல. நோயில்லாத உடம்புக்கு மருந்து எதுக்கு. சி15 கூடு ஸ்க்ரூ இல்லாம ஒட்டி மூடினது, அதனால ஓரத்துல பொறுமையா பிளந்து, டேப்பை எடுத்து, ஸ்க்ரூ போட்ட புதுக் கூட்டுக்கு மாத்தினோம். பழைய கூடு தனியா பத்திரமா இருக்கு.

அடுத்து ஹெட். கேசட் டேப்போட அகலம் 4 மில்லிமீட்டர் கூட இல்ல, பதிஞ்ச மெஷினோட ஹெட் இம்மி சாய்ஞ்சிருந்தாலும் அதே சாய்வுல படிச்சாதான் கூர்மையா வரும். ஹெட் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை மெதுவா திருப்பி சத்தம் எங்க பளிச்சுன்னு கேக்குதோ அங்க நிறுத்தணும், ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா. பதிவு மோனோ, படிக்கிற டெக் ஸ்டீரியோ, அதனால இடது வலது ரெண்டு சேனலும் ஒரே பதிவோட மேல்பாதியையும் கீழ்பாதியையும் படிக்கும். ரெண்டையும் சேத்து ஒண்ணா ஆக்கினா சாய்வு மிச்சமிருந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், அதனால ரெண்டு சேனலையும் தனியாவே வச்சுக்கிட்டோம். டெக்ல இருக்கிற டால்பி இரைச்சல் குறைப்பு ஆஃப், வேற இரைச்சல் நீக்கற ஃபில்டர் கிடையாது, எம்பி3 கிடையாது, சுருக்காத வேவ் ஃபைல்தான். இரைச்சலை எடுத்தா காதுக்கு நல்லா இருக்கும், ஆனா இங்க கேக்கப் போறது காது இல்ல, ஃபில்டர் அலையோட விளிம்பை மழுங்கடிச்சா 0, 1ங்கற பிட்டே மாறிடும்.

ஸ்பெக்ட்ரம் கேசட்ல என்ன பதியுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா அடுத்தது புரியாது. முதல்ல நீளமா ஒரே சுருதியில ஒரு ஓசை, அப்புறம் டேட்டா. 0ங்கற பிட் சுமார் 489 மைக்ரோசெகண்ட் நீளமான ஒரு அலை, 1ங்கற பிட் அதோட இரு மடங்கு, சுமார் 977. அவ்வளவுதான் வித்தியாசம், குட்டை அலை நெட்டை அலை. கேமோட பேரு, நீளம், எந்த வரியில தொடங்கணும்ங்கறதெல்லாம் 17 பைட்ல ஒரு தனித் துண்டா முன்னாடி வரும், அதுக்கு அப்புறம்தான் முழு புரோகிராம். ஒவ்வொரு துண்டு கடைசியிலயும் ஒரே ஒரு பைட் சரிபார்ப்பு இருக்கும், எல்லா பைட்டையும் எக்ஸ்-ஓஆர் பண்ணி, அதாவது பிட் பிட்டா ஒப்பிட்டு ஒரே மாதிரி இருந்தா 0, வேற வேறயா இருந்தா 1ன்னு போட்டு, வர்ற எண். பொருந்தலன்னா மெஷின் டேப் லோடிங் எரர்னு சொல்லி நின்னுடும்.

கேம் ரெண்டு பக்கத்துலயும் பதிஞ்சிருந்துச்சு, அந்தக் காலத்துல அப்படிப் பண்றது வழக்கம்தான், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு. ஏ பக்கத்துல தொடக்கத்துல யாரோ ரேடியோ பாட்டு பதிஞ்சுட்டாங்க, முன்துண்டு போச்சு, புரோகிராம் முக்கால்வாசி நல்லா இருந்து கடைசிப் பகுதியில டேப் மடங்கி படிக்கவே முடியல. பி பக்கம் தொடக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சுச்சு, ஆனா சரிபார்ப்பு பொருந்தல.

ஒரு பிட் தேடினது

எவ்வளவு பொருந்தலன்னு பாத்தா வித்தியாசம் சரியா 1. எக்ஸ்-ஓஆர்ல மிச்சம் 1 வந்தா ஏதோ ஒரு பைட்ல கடைசி பிட் மட்டும் தப்புன்னு அர்த்தம், இல்லன்னா அதே மாதிரி மூணு, அஞ்சு இடத்துல தப்பு. ஆனா எந்த பைட்னு அந்த எண் சொல்லாது. ஆயிரக்கணக்கான பைட்ல எதுன்னு தேடறது. ஏ பக்கத்துல நல்லா இருந்த முக்கால்வாசியை பி பக்கத்தோட ஒப்பிட்டா ஒரு பைட் கூட வித்தியாசம் இல்ல, ஆக தப்பு ஏ பக்கம் உதவாத அந்தக் கடைசிப் பகுதியிலதான் இருக்கு.

இங்க ஸ்பெக்ட்ரம் பேசிக்கோட ஒரு பழக்கம் கை குடுத்துச்சு. புரோகிராம்ல ஒரு எண் டைப் பண்ணா மெஷின் அதை ரெண்டு தடவை வச்சுக்கும். திரையில தெரியற எழுத்தா ஒரு தடவை, அதுக்குப் பின்னாடி 14ங்கற அடையாள பைட் போட்டு, கணக்குக்கு தோதான 5 பைட் வடிவத்துல இன்னொரு தடவை. லிஸ்ட் பண்ணும்போது நமக்குத் தெரியறது முதலாவது, ஓடும்போது மெஷின் எடுத்துக்கறது ரெண்டாவது. அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் கூடவே ஒரு சாட்சி இருக்கு.

கடைசிப் பகுதியில எல்லா எண்ணையும் சாட்சியோட ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். ஒரே ஒரு இடம் மாட்டுச்சு. ஒரு கோ டூ வரியில (இந்த எண்ணுள்ள வரிக்குப் போன்னு சொல்ற கட்டளை) எழுத்துல 2210, பின்னாடி இருந்த பைட் 14, 0, 0, 6, 9, 0. 9ஐ 256ஆல பெருக்கி 6 கூட்டினா 2310. எழுத்துல 2 எங்கறதோட குறியீடு 50, 3 எங்கறது 51, ரெண்டுக்கும் வித்தியாசம் கடைசி பிட் மட்டும். இதுதான் அந்த பிட்.

அதோட விடல, அலையையே பெரிதாக்கிப் பாத்தோம். அந்த இடத்துல டேப்ல சின்ன தேய்மானம், அலையோட எல்லை கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போயிருந்துச்சு, முன்னாடி இருந்த 1 நீண்டு, அடுத்த 1 சுருங்கி, சுருங்கினதை, அலையை பிட்டா மாத்தற டீகோடர் 0ன்னு எண்ணிடுச்சு. ரெண்டோட நீளத்தையும் கூட்டினா ரெண்டு 1க்கு வேண்டிய நீளம் சரியா வந்துச்சு. ஆக எண்ணோட சாட்சி, அலையோட நீளம், சரிபார்ப்பு பைட், மூணும் ஒரே பதிலைச் சொல்லுது. அதுக்கப்புறம்தான் 2ஐ 3ஆ மாத்தினோம்.

குழுவுல ஒருத்தர் கேட்டாரு, ஓடும்போது ரெண்டாவது வடிவம்தானே வேலை செய்யுது, கேம் எப்படியும் சரியா ஓடும், இதுக்கு ஏன் இவ்வளவு பாடுன்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு பையன் 2310ன்னு டைப் பண்ணியிருக்கான், நாப்பது வருஷம் கழிச்சு லிஸ்ட் பண்ணிப் பாக்கறவங்க 2210ன்னு படிச்சா அவன் எழுதாததை அவன் பேருல வச்ச மாதிரி ஆகும். ஓடுதாங்கறது ஒரு கேள்வி, அவன் எழுதினதுதானாங்கறது வேற கேள்வி, நம்ம வேலை ரெண்டாவதுக்கும் பதில் சொல்லணும்.

திருத்தாம விட்டது

கேம் லோட் ஆச்சு, விளையாடினோம், பாதிக்கு மேல யாராலயும் போக முடியல. கோடைப் பாத்தா ஒரு இடத்துல கோ டூ 4120ன்னு இருக்கு, 4120ன்னு வரியே இல்ல. இதுதான் கோளாறு, சரி பண்ணிடலாம்னு ரெண்டு பேரு கிளம்பினாங்க. இங்க நிறுத்தினோம், ஏன்னா எழுத்து, சாட்சி, ரெண்டு பக்கம், எல்லாம் 4120ன்னே சொல்லுது. டேப் பண்ணின காரியம் இல்ல.

விடை சி90ல இருந்துச்சு. அதுல இருந்த முந்தின வடிவத்துல 4120 இருந்துச்சு, வெறும் ரெம் வரி, எழுதினவரு தனக்காக வச்ச குறிப்பு. கடைசியில மெமரி போதாம ரெம் வரியை எல்லாம் அழிச்சிருக்காரு. ஸ்பெக்ட்ரம்ல இல்லாத வரிக்கு கோ டூ போட்டா எரர் வராது, அதுக்கு அடுத்து இருக்கிற வரிக்குப் போயிடும், அவரு அது தெரிஞ்சேதான் விட்டிருக்கணும். கோளாறே இல்லாத இடத்தை நாங்க கோளாறுன்னு திருத்தியிருப்போம். விளையாட்டு நின்னதுக்கு உண்மையான காரணம் புதிர் அவ்வளவு கஷ்டம், அவ்வளவுதான். அட்டைக்குள்ள இருந்த குறிப்புத் தாளைப் பாத்து எந்தக் கட்டளை குடுக்கணும்னு தெரிஞ்சதும் கடைசி வரைக்கும் போயிட்டோம்.

குரல்கள்

சி90ல கேம் இருந்த இடம் போக மிச்சத்துல வீட்டுப் பேச்சு பதிவாகியிருந்துச்சு. ரெக்கார்டர் ஓடறது தெரியாம பேசறாங்க, தவறிப்போனவரோட சின்ன வயசுக் குரலும் அவரு அப்பா அம்மா குரலும். மூலப் பதிவை அப்படியே வெளியிடறதுதான் எங்க வழக்கம், ஆராய்ச்சிக்கு வர்றவங்க எங்க முடிவுகளைத் திரும்பச் சோதிக்கலாம்ல. ஆனா இது அவங்க வீடு. புரிஞ்ச உடனே கேக்கறதை நிறுத்திட்டு, அந்தப் பகுதியை முழுத் தரத்துல அந்தம்மாகிட்ட மட்டும் குடுத்தோம், வெளியிட்டதுல கேம் டேட்டா இருந்த பகுதி மட்டும். வெட்டினது எங்க, எவ்வளவு நேரம்ங்கறதை விவரக் குறிப்புல எழுதியிருக்கோம், காரணத்தை ஒரு வரியில.

உரிமை விஷயமும் இங்கதான் வருது. பிரிட்டன்ல பதிப்புரிமை (காப்பிரைட்) எழுதினவரு இறந்து 70 வருஷம் வரைக்கும், ரெண்டு பேரு சேந்து எழுதினா கடைசியா இருக்கறவரு இறந்து 70 வருஷம். பழசுதானே யாரு கேக்கப் போறான்னு நினைக்கறது தப்பு. உயிரோட இருக்கறவரு, இன்னொருத்தரோட வாரிசா அந்தம்மா, ரெண்டு பேருகிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கினோம். ரெண்டு பேருமே இலவசமா எல்லாருக்கும் போகட்டும்னாங்க. ஸ்பெக்ட்ரமோட ரோம், அதாவது மெஷினுக்குள்ளயே நிரந்தரமா பதிஞ்சிருக்கிற மென்பொருள், பத்திக் கவலைப்பட வேண்டியிருக்கல, 1986ல சின்க்ளேர்கிட்ட இருந்து வாங்கின ஆம்ஸ்ட்ராட் கம்பெனி, எமுலேட்டரோட (இன்னைய கம்ப்யூட்டரை ஸ்பெக்ட்ரம் மாதிரி நடக்க வைக்கிற புரோகிராம்) அதைத் தரலாம்னு 1999லயே அனுமதி குடுத்துட்டாங்க.

நடந்தது

வெளியிட்டது மூணு அடுக்கா. வேவ் ஃபைல், அதுல இருந்து திருத்தாம எடுத்த டிஇசட்எக்ஸ் (ஸ்பெக்ட்ரம் கேசட் டேட்டாவை வைக்கிற ஃபைல் வடிவம்), ஒரு பிட் திருத்தின டிஇசட்எக்ஸ். மூணாவதோட கூட எந்த பைட், என்னவா இருந்துச்சு, ஏன் மாத்தினோம்னு குறிப்பு. எமுலேட்டர்ல மட்டும் ஓட்டி நிறுத்தல, ஏன்னா நிறைய எமுலேட்டர் வேகத்துக்காக டேப் ஓசையைத் தாண்டிட்டு நேரா டேட்டாவை மெமரிக்குள்ள போட்டுடும், அப்போ அலை நீளத்துல தப்பு இருந்தா தெரியாது. அதனால புது கேசட்ல பதிஞ்சு உண்மையான 48கே மெஷின்ல லோட் பண்ணோம். திரை ஓரத்துல சிவப்பும் நீலப்பச்சையும், அப்புறம் நீலமும் மஞ்சளுமா கோடு ஓடி, மூணு நிமிஷத்துக்குள்ள வந்துடுச்சு. அந்தம்மா பக்கத்துல நின்னு பாத்தாங்க.

கதை எழுதினவரு விளையாடிப் பாத்துட்டு ரெண்டு அறைக்கு நடுவுல இருக்கிற வழி தான் வரைஞ்ச மேப் மாதிரி இல்லைன்னாரு. சி90 வடிவத்துல அவரு சொன்ன மாதிரியே இருந்துச்சு, சி15ல மாறியிருந்துச்சு. நண்பரு கடைசி நேரத்துல மாத்தியிருக்காரு, இவருகிட்ட சொல்லாம. ரெண்டு வடிவத்தையும் வெளியிட்டிருக்கோம், எது சரின்னு நாங்க எதுவும் சொல்லல.

இனிமே மாத்தப் போறது

எழுதினவரு உயிரோட இருந்தா கேமைக் காட்டறதுக்கு முன்னாடியே உக்கார வச்சு நினைவுல இருக்கறதை எல்லாம் பதிஞ்சுக்கணும். ஒரு தடவை திரையில பாத்துட்டா அப்புறம் எது பழைய நினைவு, எது இப்போ பாத்ததுன்னு அவருக்கே பிரிக்கத் தெரியாது. அந்த மேப் விஷயம் கூட தற்செயலா வெளிய வந்ததுதான்.

பதிஞ்ச டேப் ரெக்கார்டர் வீட்டுல இன்னும் இருக்கான்னு முதல் கடிதத்துலயே கேக்கப் போறோம். அதே ஹெட் கிடைச்சா சாய்வு தேடற வேலை பாதி குறையும். கடிதம், செக் புத்தக அடிக்கட்டை, கையால வரைஞ்ச மேப், விளம்பரத்துக்குக் காசு கட்டின ரசீது, எதையும் கழிக்காம பெட்டியோட சேத்தே வாங்கணும்.

வீட்டுப் பேச்சு இருக்குமாங்கறதையும் முன்னாடியே குடும்பத்துகிட்ட பேசி, இருந்தா யாரு கேக்கலாம், யாருகிட்ட போகணும்னு அவங்களே முடிவு பண்ணி எழுதிக் குடுக்கற மாதிரி ஒரு படிவம் தயார் பண்ணியிருக்கோம். ஷூ பெட்டியில மிச்சமிருக்கிற கேசட்டுங்களுக்கு அந்தம்மா அதை நிரப்பிக் குடுத்துட்டாங்க, அதுல ஒண்ணு மேல இருக்கிற பேரு எந்தப் பட்டியல்லயும் இல்லாத பேரு, ஃபெல்ட் துண்டு மாத்தற வேலை இப்போ நடந்துட்டு இருக்கு.